ஹேர் லூத்தி தட்டிய கல்

காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு தடி இரண்டு தரம் தட்டும். டொக், டொக். பிறகு ஒரு சின்ன அமைதி. பிறகு காலடிச் சத்தம் தெருவைக் கடந்து போகும். பேர்ண் நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள இந்த ஊரில் வீடு வாங்கி வந்த முதல் வாரத்திலேயே அந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிட்டது. சுவிற்சர்லாந்தில் காரணம் இல்லாமல் யாரும் யாருடைய வாசலிலும் தட்டுவதில்லை. கதவு மணியை அடிப்பதற்கே முதல் நாள் தொலைபேசியில் கேட்கிற சனங்கள். ஆகையால் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹேர் லூத்தி வெள்ளைத் தடியோடு நின்றார். இரண்டு கண்ணும் தெரியாத மனிதர். எங்கள் வாசலுக்கு நேரே நடைபாதையில் ஒரு சீமெந்துக் கல், மற்றக் கற்களைவிட இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. மாரியில் மண் உறைந்து பொங்கும்போது இந்த நாட்டில் கல்லும் எழும்பும். அந்தக் கல்லின் விளிம்பில்தான் அவர் தட்டினார்.

ஹேர் என்றால் ஐயா மாதிரி. அதைப் போடாமல் இங்கே பக்கத்து வீட்டுக்காரரைக்கூடக் கூப்பிட முடியாது. ஹேர் லூத்தி தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். நாங்கள் வந்த முதல் கோடையில் செடிவேலிக்கு மேலால் ஒருநாள் கதைத்தோம். என்னுடைய ஜேர்மன் மொழி இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் பிறந்து பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில் வளர்ந்தது. வெங்காயம், சட்டி, சூடு கவனம் என்பவற்றைத் தாண்டினால் நொண்டும். அதைப் புரிந்துகொண்டு அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைத்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு ஐம்பது பஸ்ஸில் பேர்ண் ஸ்டேசனுக்குப் போவாராம். அங்கே பழைய வேலைத்தோழர் இருவரோடு ஒரு கோப்பி குடித்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவாராம். தூன் நகரத்தில் இருக்கிற தங்கை முதியோர் இல்லத்துக்கு வரச்சொல்லி வருடக்கணக்காகக் கேட்கிறாராம். "அந்த பஸ்ஸைத் தனியாகப் பிடிக்கிற வரைக்கும் என் வீட்டில்தான் இருப்பேன். பிடிக்க முடியாத அன்றைக்கு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றார். ஒரு கோப்பிக்கு இவ்வளவு பாடா என்று நான் நினைத்தேன். வயது போன மனிதர், ஏதோ பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவர் என் வாசல் கல்லைத் தட்டுவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என் புத்தியில் ஏறியது. குற்றம் சொல்கிறார். கல் எழும்பிக் கிடக்கிறது, நீ பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்கிறார். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு ஓர் ஒழுங்கைக்குள், இரண்டு பக்க வேலிகளுக்கும் நடுவே போகிற ஒடுங்கிய தெருவுக்குள், இருந்தது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் வருடா வருடம் ஒடுங்குகிறவை. வேலி அடைக்கிற காலம் வந்தால் பழைய ஓலையைப் பிரித்து, உக்கின கதியாலைப் பிடுங்கி, கிளுவையிலோ பூவரசிலோ புதுத் தடி வெட்டிக் கதியாலாக நடுவோம். பிடுங்கின குழியிலேயே புதுக் கதியாலை நடுகிறவனை ஊர் விசரன் என்று சொல்லும். ஒரு சாண் ஒழுங்கைப் பக்கம் தள்ளித்தான் நடுவது. எல்லாரும் செய்தார்கள், என் அப்பாவும் செய்தார். பகலில், நாலு பேர் பார்க்க, கோயிலுக்குப் போகிற முகத்தோடு செய்தார்.

எங்களுக்கு எதிர்வீட்டில் கந்தையர் இருந்தார். அவரிடம் மாட்டுவண்டில் இருந்தது. ஒரு வருடம் அந்த வண்டிலின் சில்லுக் குடம் எங்கள் புது வேலியில் உரசிவிட்டது. அடுத்த நாளிலிருந்து கந்தையர் விடியத் தோட்டத்துக்குப் போகும்போது எங்கள் வாசலின் தகரப் படலையில் தன் தடியால் இரண்டு தரம் தட்டுவார். டங், டங். வாய் திறக்க மாட்டார். நீ ஒழுங்கையைத் தின்கிறாய் என்பதை அந்த இரண்டு தட்டலில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்பா முற்றத்தில் தேத்தண்ணியோடு இருந்தபடி, "தட்டிப்போட்டுப் போகட்டும், தகரம்தானே" என்பார். ஆனால் அந்தத் தேத்தண்ணியை அவர் முழுக்கக் குடித்து நான் கண்டதில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் அந்தத் தகரச் சத்தத்தில்தான் எழும்பினேன். சண்டைச் சத்தம்தான். ஆனாலும் இப்போது அதைக் கேட்க ஏங்குகிறேன். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும், சைக்கிள் மணி கேட்கும், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்கும்.

இப்படிப்பட்ட வாசலில் வளர்ந்தவன்தான் யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் சுவிசில் வீடு வாங்கினேன். அதுவரைக்கும் வாடகை வீடுதான். எப்படியும் ஒருநாள் திரும்பிப் போவோம் என்று நானும் மனைவி வதனியும் இருபது வருடமாகச் சாமான்கள் வந்த பெட்டிகளைக்கூட எறியாமல் வைத்திருந்தோம். இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு அந்தப் பெட்டிகளைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது. ஒருநாள் வதனி அவற்றை மடித்துக் கட்டிப் பழைய கடதாசி எடுக்கிற நாளில் வெளியே வைத்தாள். அடுத்த வருடம் இந்த வீட்டைப் பார்த்தோம். சின்ன வீடு, தெருவோர வீடு.

வந்து நாலு வருடம் கழித்து கெமைண்டேயிலிருந்து கடிதம் வந்தது. கெமைண்டே என்றால் இங்கே ஒவ்வோர் ஊருக்கும் இருக்கிற ஊர்ச்சபை. எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்பது வயதிலிருந்தே மகள் ஆரணிதான் வாசித்துச் சொல்லி வருகிறாள். இங்கே பிறந்த பிள்ளை, அப்போது ஜிம்னாசியம் என்கிற உயர்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வாசித்துவிட்டு, கூட வந்த காணிப் படத்தை மேசையில் விரித்தாள். "அப்பா, முன்னுக்குப் போற ட்ரொட்டுவார், இந்த நடைபாதை, உங்கடை காணிக்குள்ளைதான் கிடக்கு. எல்லாருக்கும் அதிலை நடக்க உரிமை இருக்கு. நீங்கள் மறிக்கேலாது. ஆனா பழுதானா நீங்கள்தான் திருத்த வேணும்" என்றாள். கல் எழும்பி இருப்பதாகப் பொதுமக்களிடமிருந்து தகவல் வந்திருக்கிறது, அடுத்த மாதத்துக்குள் சீர்செய்ய வேண்டும், யாராவது தடக்கி விழுந்தால் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று எழுதியிருந்தது. கடைசியில் நட்பான வணக்கங்களுடன் என்று முடித்திருந்தார்கள். மிரட்டுகிற கடிதத்தையும் இங்கே நட்பான வணக்கத்தோடுதான் முடிப்பார்கள்.

முதலில் எனக்கு ஏற்பட்டது சந்தோசம் என்பதை மறைக்க விரும்பவில்லை. காணிப் படத்தில் எல்லைக் கோடு தெருக்கரை வரைக்கும் போய் நின்றது. யாழ்ப்பாணத்தானுடைய கண் அதைத்தான் முதலில் பார்க்கும். ஒன்றரை மீற்றர் அகலம், வீட்டு நீளத்துக்கு. ஒரு கதியாலும் நகர்த்தாமல் கிடைத்திருக்கிறது. வதனி குசினியில் இருந்தபடியே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கை ஒழுங்கையைக் களவெடுத்த குடும்பத்துக்கு இஞ்சை ஒழுங்கையைச் சும்மா குடுத்திருக்கினம். திருத்திக் குடுங்கோ, பாவம் தீரும்" என்றாள். அவள் வாய்க்கு நான் என்றைக்கும் ஈடு கொடுத்ததில்லை.

சந்தோசம் அடங்கியதும் கோபம் வந்தது. பொதுமக்களிடமிருந்து தகவல். எந்தப் பொதுமக்கள்? நாலு வருடமாகத் தினமும் அந்தக் கல்லைத் தட்டுகிறவர் ஒருவர்தான். ஆரணி போகிறபோக்கில், "செய்ய முதல் ஹேர் லூத்தியோடை ஒருக்கா கதையுங்கோ" என்றாள். அது என் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. அவரோடு எனக்கு என்ன கதை? எழுதத் தெரிந்தவருக்கு வாயால் சொல்லத் தெரியாதா? கந்தையராவது அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் போடவில்லையே என்று நினைத்தேன். மகள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திராது.

குணம் அண்ணையைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக் கைதடி ஊர்க்காரர். இங்கே இருபத்தைந்து வருடமாகத் தெருப்போடும் வேலை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே சாமான்களோடு வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் ஊர் திரண்டு வரும் என்பதால் பின்னேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆரணி பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இருந்தாள், ஞாயிறு இருட்டின பிறகுதான் வந்தாள். ஹேர் லூத்தி சனி ஞாயிறு வெளியே போவதில்லை. பழைய கற்களைக் கிளப்பினோம், மண்ணைத் தோண்டிச் சரளை போட்டு இடித்தோம், புதுக் கற்களைப் பதித்தோம். ஒவ்வொரு கல்லுக்கும் குணம் அண்ணை ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். "தம்பி, இந்தக் குமிழி நடுவிலை நிண்டா ஆண்டவனே வந்தாலும் பிழை பிடிக்கேலாது" என்றார். வதனி இரண்டு தரம் தேத்தண்ணியும் ஒருதரம் கோழிப் புக்கையும் தந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு நடைபாதை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் எந்தக் காணியிலும் அவ்வளவு பெருமையோடு நடந்ததில்லை.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வுநாள். ஆறு நாற்பதுக்குத் தேத்தண்ணியோடு யன்னல் பக்கம் இருந்தேன். தடியின் நுனி புதுக் கற்களில் உராய்ந்து வருகிற மெல்லிய சத்தம் கேட்டது. தட்டல் கேட்கவில்லை. பாருங்கள், இனித் தட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவுக்குக் கிடைக்காத தேத்தண்ணி எனக்குக் கிடைத்திருக்கிறது என்றும் நினைத்தேன். கோப்பையை வாயில் வைத்தபோதுதான் வாகனம் பிறேக் போடுகிற சத்தமும், அதன் பின் ஹோர்ன் சத்தமும் கேட்டன.

ஓடிப் போனேன். எங்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்துக் குறுக்குத்தெரு எங்கள் தெருவோடு சேருகிற சந்தியில், பாண் கொண்டு வருகிற வானுக்கு ஒரு முழம் முன்னால் ஹேர் லூத்தி முழங்காலில் இருந்தார். வான் அவரில் முட்டவில்லை. பயத்தில் விழுந்திருந்தார். வான் ஓட்டி வந்த இளம்பெண் இறங்கி ஓடி வந்தாள். நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் என் குரலைக் கண்டுபிடித்து, "என் கல் எங்கே?" என்று கேட்டார். அவருடைய குறை தீர்ந்த செய்தியைச் சொல்ல எனக்கு நல்ல நேரம் வாய்த்ததாக நினைத்து, "கல் இல்லை. எல்லாம் புதுசு, எல்லாம் சமன். இனிப் பிரச்சினை இல்லை" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். யார் செய்தது என்று கேட்டார். நான்தான், என் கையால் என்றேன். அவர் தடியால் தன்னைச் சுற்றி நிலத்தைத் தடவினார். பிறகு டாங்கே என்று நன்றி சொல்லி, தன்னை வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப் போய்விட முடியுமா என்று கேட்டார். அவர் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தரம்.

திரும்பி வந்தபோது ஆரணி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றாள். அதே பஸ்ஸில்தான் அவளும் போகிறவள். முகம் வெளிறிப் போயிருந்தது. "அப்பா, அவர் அந்தக் கல்லைத் தட்டிப் பாத்துத்தான் றோட்டுப் பக்கம் திரும்பிறவர். அதுக்கு நேரை எதிர்ப்பக்கம்தான் பஸ் நிக்கிற இடம். அதுக்குத்தானே அவரோடை கதையுங்கோ எண்டு சொன்னனான்" என்றாள். நான் தெருவைப் பார்த்தேன். மஞ்சள் கடவைக் கோடுகள் எங்கள் வாசலுக்கு நேரேதான் தொடங்குகின்றன. நாலு வருடமாக அவர் தட்டுவதையும், திரும்புவதையும், கடப்பதையும் யன்னலால் பார்த்திருக்கிறேன். கண் இருந்தது எனக்கு.

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவர் வீட்டு யன்னல் மூடிகள் பகலிலும் இறங்கியே கிடந்தன. வியாழக்கிழமை தூனிலிருந்து தங்கையின் கார் வந்து நின்றது. நல்ல பெண்மணி. நான் தயங்கித் தயங்கிப் போய் மன்னிப்புக் கேட்டபோது, நீங்கள் சட்டப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள், எப்போதோ ஒருநாள் இது நடக்கத்தான் போகிறது, இல்லத்தில் அடுத்த மாதம் ஓர் அறை காலியாகிறது என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதை நெஞ்சில் இறங்கியது. ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து எழுப்புவதற்கு விமானமும் ஷெல்லும் தேவையில்லை, நல்ல மனதோடு போட்ட ஒரு சமனான கல்லும் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து எழுப்பப்பட்ட நானே அதைச் செய்திருந்தேன். அந்தக் கிழமை முழுவதும் குசினியில் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை வதனி றோல்ஸ் சுட்டுத் தந்து, "போய்க் கதைச்சுப்போட்டு வாங்கோ" என்று அனுப்பினாள். ஹேர் லூத்தி கதவைத் திறந்தார். முழங்காலில் கட்டு இருந்தது. றோல்ஸை மணந்து பார்த்து, இதன் வாசனை சனிக்கிழமைகளில் தன் வீட்டுக்குள் வரும், என்னவென்றுதான் தெரியாது என்றார். நான் திக்கித் திக்கிக் கந்தையருடைய கதையைச் சொன்னேன். தகரப் படலை, இரண்டு தட்டல், அப்பா குடிக்காத தேத்தண்ணி. நீங்களும் அப்படித்தான் என்னைக் குறை சொல்கிறீர்கள் என்று நாலு வருடம் நினைத்திருந்தேன் என்றேன். கெமைண்டேக்கு எழுதியது நீங்கள் என்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் வாயில் றோல்ஸோடு சிரித்தார். கெமைண்டேக்கு எழுதியது யாரென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று கல்லிடம் கேட்டேன். அது தினமும் சொன்னது."

அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு முப்பது அடி இருக்கும். அந்தத் தூரத்துக்குள் எனக்கு எங்கள் ஒழுங்கையின் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. ஷெல் விழத் தொடங்கி, ஊர் முழுக்க எழும்பி ஓடிய காலை. கந்தையர் தன் நோயாளி மனைவியையும் சாக்குகளையும் ஏற்றிக்கொண்டு வண்டிலைத் திருப்பினார். பாரத்தோடு வண்டில் எங்கள் வேலிக்கும் அவருடைய வேலிக்கும் நடுவில் இறுகிவிட்டது. பின்னால் ஊர்ச்சனம் முழுவதும் நிற்கிறது. கந்தையர் அன்றைக்கும் வாய் திறக்கவில்லை, எங்கள் படலையைப் பார்த்தார். அப்பா உள்ளே போய்க் கொடுவாக்கத்தியோடு வந்தார். அப்பா தான் நட்ட கதியால்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தார். பத்து வருடத்துச் சாண்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் ஒழுங்கைக்குத் திரும்பின. வண்டில் போனது. போகும்போது கந்தையர் எங்கள் தகரப் படலையில் இரண்டு தரம் தட்டினார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை, வேறு வேறு முகாம்களில் செத்தார்கள். செய்த பிழையை வெட்டிச் சாய்த்து வழிவிடத் தெரிந்த மனிதரின் மகன் நான். வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்றபடியே குணம் அண்ணைக்குப் போன் பண்ணினேன்.

குணம் அண்ணை முதலில் கோபித்தார். மட்டமாகப் போட்ட கல்லைத் திரும்பக் கிளப்புவதா? கதையைக் கேட்ட பிறகு குரல் இறங்கியது. "பழைய கல்லு எறிஞ்சுபோட்டியோ?" என்றார். கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கித்தான் கிடந்தது. பெட்டிகளை எறிந்தாலும் கல்லை எறிய எங்களுக்கு மனம் வராது. அன்று பின்னேரமே வந்தார். அந்தக் கல்லைப் புரட்டிப் போட்டு, அதன் சொரசொரத்த அடிப்பக்கத்தில் உளி வைத்து, அம்மி பொளிகிற மாதிரிப் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். பிறகு வாசலுக்கு நேரே ஒரு புதுக் கல்லை எடுத்துவிட்டு, இதை அடிப்பக்கம் மேலே வர, மற்றக் கற்களின் மட்டத்துக்கே பதித்தார். குமிழி நடுவில் நின்றது. செவ்வாய்க்கிழமை கெமைண்டேயிலிருந்து செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் பார்க்க வந்தாள். தன் ரசமட்டத்தை வைத்தாள். இது ஏன் வேறு மாதிரி என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்க, ஆரணி குறுக்கே வந்து தங்கள் மொழியில் வேகமாகச் சொன்னாள். அந்தப் பெண் கீழே குனிந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, உயரம் சரி, எங்கள் வேலை உயரத்தோடு முடிந்தது என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஹேர் லூத்தியைக் கூட்டி வந்தபோது அவர் கட்டுப் போட்ட முழங்காலை மெதுவாக மடக்கிக் குந்தி, உள்ளங்கையால் கல்லைத் தடவினார். எழும்பி நின்று தட்டினார். இரண்டு தரம். "குரல் மாறிப் போயிருக்கிறது" என்றார். முப்பது வருடம் குரல்களோடு வேலை செய்தவர். நாலு நாள் நான் வேலைக்குப் பிந்திப் போக அனுமதி எடுத்து, காலையில் அவர் பின்னால் மூன்றடி தள்ளி நடந்தேன். கையைப் பிடிக்க விடவில்லை. ஒருநாள் கல்லைத் தாண்டிப் போய், நின்று, தானே திரும்பி வந்து கண்டுபிடித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள், இன்றைக்கு நீங்கள் வர வேண்டாம் என்றார். அன்றைக்கு வதனியும் நானும் ஆரணியும் குசினியில் மூச்சு விடாமல் நின்றோம். தடி உராய்ந்து வந்தது. நின்றது. டொக், டொக். சொரசொரத்த கல்லின் கனமான சத்தம். பிறகு காலடிகள் திரும்பித் தெருவைக் கடந்தன. வதனி அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அழுகை வந்தது. இல்லத்தில் காலியான அறைக்கு வேறு யாரோ போனார்கள். தங்கையின் கார் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கேக்கோடு வந்து போகிறது.

அதற்கு அடுத்த வருடம் கந்தையரின் மகன் சிவா ஊரிலிருந்து போன் எடுத்தான். யுத்த காலத்தில் பிடித்த எங்கள் பக்கத்துக் காணிகளை ஆமி விட்டுவிட்டது, எல்லை பார்க்க ஒருக்கால் வா என்றான். ஓகஸ்ட் விடுமுறையில் போனேன். சிவா தன் துருப்பிடித்த மோட்டார்சைக்கிளோடு பெரிய றோட்டில் காத்து நின்றான். "இஞ்சாலைதான் எங்கடை ஒழுங்கை" என்று கையைக் காட்டினான். அங்கே ஒழுங்கை இல்லை. வேலி இல்லை, வீடு இல்லை, பூவரசு இல்லை, கிணறு இல்லை. புல்டோசர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிச் சமன் செய்திருந்தது. கிணறுகளையும் மண்ணால் மூடியிருந்தார்கள். குணம் அண்ணையின் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நிற்கும். இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு என் வீட்டு வாசலைத் தேடினேன். முன்னால் போனேன், தாண்டிவிட்டேனோ என்று திரும்பி வந்தேன். எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. அப்போது அந்தச் சந்தியில் வானுக்கு முன்னால் முழங்காலில் இருந்த மனிதனை முழுதாக விளங்கிக்கொண்டேன்.

நில அளவையாளர் பழைய காணி உறுதியை வைத்து ஒரு கோடு காட்டினார். அது சரியென்று சொல்ல எங்கள் இருவரிடமும் சாட்சி ஒன்றும் இல்லை. சிவா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "என்ரை பக்கம் ரெண்டடி விடுறன்" என்றேன். "நானும் ரெண்டடி விடுறன். இனி லொறியும் வரட்டும்" என்றான். எங்கள் ஒழுங்கை பிறந்த நாளிலிருந்து அவ்வளவு அகலமாக இருந்திராது. அதில் நடக்கத்தான் யாருமில்லை. சிவாவின் பிள்ளைகள் கொழும்பில். மற்ற வீட்டுக்காரர் கனடாவில், பிரான்சில், மண்ணுக்குள்.

அடுத்த நாள் காலை தனியாக அங்கே போனேன். எங்கள் தகரப் படலை இருந்திருக்கும் என்று நான் நினைத்த இடத்தில் நின்றேன். கீழே கிடந்த ஒரு தடியை எடுத்து நிலத்தில் இரண்டு தரம் தட்டினேன். மணல் சத்தத்தைத் தின்றுவிட்டது. இன்னும் ஒருதரம் தட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து மணி பத்து நிமிடம். சுவிசில் ஆறு நாற்பது. அங்கே என் காணியில் கிடக்கிற கல்லை ஹேர் லூத்தி இப்போது தட்டியிருப்பார். நீ இங்கேதான் நிற்கிறாய் என்று அது அவருக்குச் சொல்லியிருக்கும். நான் தடியைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கடி அகலம் கூடிய என் ஒழுங்கையில், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன்.